சுவருக்கு உறை தைத்தவள்

குஷன்காரி வீட்டுச் சுவரை ஒரு மரங்கொத்தி குடைகிறது என்ற செய்தி பரவியபோது தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய பாதிப் பேரும் பறவைக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள். போயும் போயும் அந்த வீடுதானா அதற்குக் கிடைத்தது என்றார்கள்.

அவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. கல்யாணம், குழந்தை என்று எதிலும் போய் மாட்டிக்கொள்ளவில்லை. கிழிந்த சோபா, பஸ் சீட்டு, முடிவெட்டும் கடை நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று ஊரார் உட்கார்ந்து உட்கார்ந்து நசுக்கியதையெல்லாம் பிரித்து, ஸ்பிரிங்கை நிமிர்த்தி, புது நுரை வைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் கொடுப்பது தொழில். வாயில் எப்போதும் நாலைந்து சிற்றாணியோ, ஒரு முழம் நூலோ இருக்கும். அதனால்தான் பேச்சுக் குறைவு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆணியைத் துப்பினாலும் அவ்வளவுதான் பேச்சு. ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுக்கிறவள் வீட்டில் வந்து உட்காருகிறவர் ஒருவரும் இல்லை. இருக்கிற நாற்காலிகள் எல்லாம் அடுத்தவருடையவை. அதுவும் அடிவயிறு தெரியக் கவிழ்த்துப் போட்டவை.

வீடு அப்பா கட்டியது. அவர் ஐஸ் கிடங்கில் வேலை பார்த்தவர். குளிர் வெளியே போகாமலிருக்கக் கிடங்குச் சுவரில் வைக்கிற நுரைப் பலகைகளில், மூலை உடைந்தவற்றை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, மேற்கு வெயில் விழும் வெளிச்சுவர் முழுக்க ஒட்டி, மேலே மெல்லிசாகச் சிமெண்டு பூசிவிட்டார். பார்வைக்குக் கோட்டை, தட்டிப் பார்த்தால் டப்பா. பிற்பாடு இரண்டு பெண்களுக்கும் ஆளுக்குப் பாதி என்று வீட்டை நடுவில் பிரித்தபோது, செங்கல் அடுக்கச் சோம்பல்பட்டு, இரண்டு பக்கமும் பலகை அடித்து நடுவில் வெறுமையாக விட்டு ஒரு தடுப்பு வைத்தார். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் விளக்கு ஆடும்.

மூத்தவளான குஷன்காரிக்குப் பெரிய தெருவில் வாசல். இளையவளுக்குப் பின்தெருவில். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போக மூலையிலிருக்கும் ஹார்ட்வேர் கடையைச் சுற்றித்தான் போக வேண்டும். கடைக்காரருக்கு அதில் ஒரு சௌகரியம். யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள், எந்த முகத்தோடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். ஒரு வருஷத்துக்கு மேலாக அவருக்குத் தெரிந்தது, யாரும் போகவில்லை என்பதுதான்.

இளையவள் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள். ராத்திரி ஷிப்டு. அவள் புருஷன் வேறொரு ஊரில் வேறொரு குடும்பமாக இருக்கிறான் என்பதை அவளைத் தவிர எல்லோரும் பேசுவார்கள். விடியும்போது தலைமுடியில் மாவும் கையில் உடைந்த பிஸ்கட் பொட்டலமுமாகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவாள். பொட்டலம் முன்பெல்லாம் அக்காவுக்குப் போகும். இப்போது ஹார்ட்வேர் கடைக்குப் போகிறது. கடைக்காரர் அதைத் தட்டில் கொட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் டீயோடு நீட்டுவார். குஷன்காரி ஆணி வாங்கப் போனால் அவளுக்கும் நீட்டுவார். அவள் தட்டைப் பார்ப்பாள், எடுக்க மாட்டாள். விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிற வாத்தியார் மாதிரி அவர் மறுபடி மறுபடி நீட்டுவார்.

இருவருக்கும் பேச்சு நின்றது அம்மா போன நாளில்.

அம்மா விழுந்து படுத்ததும் இளையவள் பக்கம்தான் வைத்திருந்தார்கள். மூத்தவள் பக்கம் சோபாக்களுக்கே இடமில்லை. தடுப்பை ஒட்டிய அறையில், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஓர் இரும்புக் கட்டில். அடியில் நாலு உருளை. தங்கை ஷிப்டுக்குப் போனதும் மூத்தவள் அங்கே போய் அம்மாவோடு இருப்பாள். விடிந்து தங்கை வந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பி வேலையை ஆரம்பிப்பாள். அம்மாவுக்குக் கனத்த சரீரம். புரட்டி விரிப்பு மாற்ற இரண்டு பேர் வேண்டும். அதற்கு இளையவள் தடுப்பில் மூன்று முறை தட்டுவாள். மூத்தவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கடையைச் சுற்றி ஓடுவாள். தோள் பக்கம் தங்கை, கால் பக்கம் அக்கா. "ம்" என்று ஒரு சத்தம், அம்மா திரும்பிவிடுவாள். சண்டை போட்டுக்கொண்டே புரட்டிய நாள்கள் உண்டு. புரட்டாமல் விட்ட நாள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பறவை வந்தது. மூன்று தட்டு கேட்டு மூத்தவள் ஓடினால், தங்கை தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து, யார் கூப்பிட்டார்கள் என்கிறாள். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த முறை இளையவள் வெடித்துவிட்டாள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து கண்ணை மூடினால், தட்டினாய் தட்டினாய் என்று வந்து நிற்பது அம்மாவைப் பார்க்கவா, என்னை வேவு பார்க்கவா என்று கேட்டாள். வேவு என்கிற அந்த ஒரு சொல் மூத்தவளுக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் மேற்குச் சுவர் ஓரத்துச் சந்தில் எட்டிப் பார்த்தாள். சந்துக்கு அவள் வீட்டு வழியாகத்தான் வழி, மறுமுனை அடைப்பு. தடுப்பு வந்து வெளிச்சுவரோடு சேரும் இடத்தில், வாலை ஊன்றிக்கொண்டு ஒரு மரங்கொத்தி. மூன்று கொத்து, கொஞ்சம் யோசனை, மறுபடி மூன்று கொத்து. உள்ளே வெறுமையாக இருக்கும் தடுப்பு அந்தச் சத்தத்தை அப்படியே வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். வேவு பார்க்கிறவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? காதாலேயே தரம் பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். இளையவளோ முன்னறையில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். தடுப்பை ஒட்டிப் படுத்திருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அம்மாவுக்கு அப்போது பேச்சு இல்லை.

கொஞ்ச நாள் காது சரியாகவே தரம் பிரித்தது. ஒரு காலையில் பிரிக்கவில்லை. முடிவெட்டும் கடை நாற்காலிக்கு முதுகு தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு. பறவை என்று ஊசியை இழுத்தாள். மறுபடி மூன்று. சனியனுக்கு இன்னைக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று திட்டக்கூடத் திட்டினாள். கொஞ்சம் கழித்து, செருப்பில்லாத காலோடு தங்கை கடையைச் சுற்றி ஓடி வந்தாள். அம்மாவுக்கு மூச்சு முட்டியிருந்தது. நிமிர்த்தி உட்காரவைக்க ஒருத்தியால் முடியவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்தபோது நிமிர்த்தியும் பயனில்லை.

எல்லோரும் கூடியிருந்த இடத்தில் இளையவள் அழவில்லை. "தட்டினேன். வரல" என்றாள்.

"கேக்கல" என்றாள் மூத்தவள்.

தெருவில் போகிற செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிற காது அது. கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? தங்கை அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பார்க்கவே இல்லை. பறவை என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னால் சாவு வீட்டில் யாராவது சிரித்துவிடுவார்கள் என்றுதான் மூத்தவள் பொய் சொன்னாள். சிரிப்புக்கு இடமான ஒரு காரணத்தால் அம்மா போய்விட்டாள் என்பதைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பகலில் அவள் சுத்தியலைத் தொடுவதில்லை. தங்கை தூங்கும் நேரம். அடிக்கிற வேலையெல்லாம் தங்கையின் கம்பெனி பஸ் போன பிறகுதான். பஸ் ஹாரன் கேட்டால் குஷன்காரி வீட்டில் சுத்தியல் எழும் என்பது தெருவுக்கு ஒரு கடிகாரம். தங்கைக்காகத்தான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தெருவே கண்டுபிடித்துக்கொண்டது.

பறவையோ அம்மா போனது தெரியாமல் வந்துகொண்டிருந்தது. காலையில் மூன்று கொத்து விழும். அது பறவை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்திருப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போய் நிற்பாள். ஒரு தடவை ஆளைப் பறவை என்று நினைத்தாயிற்று. இன்னொரு தடவை அப்படி ஆகிவிடக் கூடாது. நின்று கேட்பாள். பறவைதான். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்புவாள். தினமும் இதே பாடு. தங்கை என்றைக்காவது தட்டுவாளா என்பது ஒரு கவலை. தட்டினால் தனக்குத் தெரியுமா என்பது அதைவிடப் பெரிய கவலை.

மழைக்காலம் நெருங்கியபோது சுவரின் துவாரம் முஷ்டி நுழையும் அளவுக்கு வந்திருந்தது. கீழே நுரைத்தூள் வெள்ளை வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. தண்ணீர் இறங்கினால் நுரை ஊறி, தடுப்புப் பலகையும் உப்பிவிடும். ஹார்ட்வேர் கடைக்காரர் யோசனை சொன்னார். யோசனைக்குத் தேவையான சாமான்கள் எல்லாம் அவர் கடையிலேயே இருந்தன. மினுமினுக்கும் நாடா கட்டினாள். பறவை ஒருநாள் தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுநாள் நாடாவுக்கு அடியில் கொத்தியது. பழைய சிடிகளைத் தொங்கவிட்டாள். அது அதில் முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டது. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் ஆந்தை. ஆந்தையின் தலைமேல் உட்கார்ந்து மரங்கொத்தி இளைப்பாறியதை எதிர்வீட்டு மாடியிலிருந்து குடும்பமே பார்த்தது.

அப்புறம்தான் அவள் தன் தொழில் பக்கம் யோசித்தாள். முனை உள்ள எதுவும் எட்டினால்தானே குத்தும்? சுவர் எட்டாதபடி செய்துவிட்டால்? சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும்படி சட்டங்களை அடித்து, அவற்றின் மேல் வலையை இழுத்துக் கட்டிவிட்டால், உட்காரப் பிடிமானமும் இருக்காது, அலகும் சுவருக்கு எட்டாது. ஆனால் துவாரம் இருப்பது இரண்டு பாதியும் சேருகிற இடத்தில். வலை தங்கை பக்கத்துச் சுவருக்கும் போயாக வேண்டும். கடைக்காரர்தான் தூது போனார். அக்கா சுவரில் ஏதோ வேலை செய்கிறாளாம், உன் பக்கமும் நாலு ஆணி அடிக்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னார். பறவை என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அல்லது சொல்வதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அக்கா என்ற சொல் வந்தாலே இளையவள் நகர்ந்துவிடுகிறவள். தெருவெல்லாம் சிரித்த மரங்கொத்திக் கதை அவளுக்கு மட்டும் எட்டாமல் போனதும் அதனால்தான். தவிர, அவள் விழித்திருக்கும்போது தெரு தூங்கும்.

"அவ பக்கம் என்ன வேணா பண்ணிக்கட்டும். என் பக்கம் ஒரு ஆணி இறங்கக் கூடாதாம்" என்று கடைக்காரர் பதில் கொண்டுவந்தார். "நான் சொல்லலக்கா, அவங்க சொன்னது."

குஷன்காரி தலையை ஆட்டிக்கொண்டாள். முதலில் டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தாள். கூடு இல்லை, முட்டை இல்லை; குடைந்து வைத்த வெறும் அறை. புது நுரையைத் துவாரத்துக்குச் சரியாக வெட்டிப் பசை தடவித் திணித்தாள். மேலே கம்பி வலைத்துண்டு, அதன்மேல் சிமெண்டு, காய்ந்ததும் சுவரின் நிறத்திலேயே பெயிண்ட். பிறகு தன் பக்கம் சட்டங்களை அடித்தாள். அதையும் பஸ் போன பிறகு, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில். தங்கை பக்கத்துக்கு ஆணி கிடையாது என்பதால், தன் கூரை விளிம்பிலிருந்து ஒரு நீளக் கழியைக் குறுக்கே நீட்டி, வலையை அதிலிருந்து தொங்கவிட்டு, அடியில் கல் கட்டினாள். சோபாவுக்குத் தைக்கிற வளைந்த ஊசியால் ஓரமெல்லாம் நெருக்கித் தைத்தாள். வேடிக்கை பார்த்தவர்கள், வீட்டுக்கே சோபா உறை போட்டுவிட்டாள், அடுத்தது கைப்பிடி வைப்பாள் என்றார்கள். தைத்த பக்கம் விறைப்பாக நின்றது. தங்கை பக்கம் மட்டும் கொஞ்சம் தொங்கியது.

பறவை வந்தது. வலையைத் தொற்றிப் பார்த்தது. வலை ஆடியது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. சுவர் எட்டவில்லை. எதிர்வீட்டுப் பட்ட மரத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் சுவர் சும்மா இருந்தது. குஷன்காரி விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எழுந்திருக்கக் காரணம் இல்லை. இனி சத்தம் வந்தால் அது தங்கைதான் என்பது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சத்தம் வராவிட்டால் அது தங்கை தட்டாததுதான் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தாள். இதுவரை வராததற்குப் பறவை ஒரு சாக்காக இருந்தது. எப்போதாவது தட்டியிருப்பாள், எனக்குத்தான் பிரித்துத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. பகலெல்லாம் பல் டாக்டர் நாற்காலியைத் தைத்துக்கொண்டு தடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

இப்படிச் சில நாள்கள் போயின. ஒரு காலையில் ஹார்ட்வேர் கடைக்காரர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இளையவள் கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், பின்தெருவுக்குத் திரும்பாமல், நேரே பெரிய தெருவுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நிலையைப் பிடித்து நின்றாள். மூத்தவள் வாயில் நூலோடு நிமிர்ந்தாள். தங்கை அவளை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலையே."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"அப்புறம் ஏன் தட்டல?"

மூத்தவளுக்குப் புரியவில்லை. நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தினம் தட்டுவியே" என்றாள் தங்கை. மூச்சு இன்னும் அடங்கவில்லை. "அம்மா போனதுலேர்ந்து நான் அவங்க ரூம்லதான் படுக்கிறேன். வந்து படுத்ததும் தட்டுவியே. மூணு மூணா. இப்ப கொஞ்ச நாளா சத்தமே காணோம். சரி, ரோஷம் வந்துடுச்சு போலன்னு முதல்ல விட்டேன். நேத்தெல்லாம் தூக்கமே இல்ல. உள்ள விழுந்து கிடக்கிறியோ என்னவோன்னு..." மிச்சத்தைச் சொல்லாமல் விழுங்கினாள்.

"நான் தட்டல."

"தட்டலையா?"

"ஒருநாள்கூட தட்டல."

"பொய் சொல்லாத. அன்னைக்கும் இப்படித்தான், கேக்கலன்னு சொன்ன."

குஷன்காரி எழுந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து சந்துக்குள் போனாள். தங்கை பின்னாலேயே வந்தாள். வலை, சட்டங்கள், கூரையிலிருந்து நீண்ட கழி, அடியில் கட்டிய கல் எல்லாவற்றையும் ஏதோ வேறொரு ஊரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பட்ட மரத்தில் மரங்கொத்தி மூன்று கொத்து கொத்தியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி மூன்று.

இளையவள் தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அதுதான்" என்றாள் மூத்தவள். "நம்ம சுவத்துல கொத்திக்கிட்டு இருந்துச்சு. அம்மா இருக்கும்போதே வந்துடுச்சு. நீ கூப்பிடாமலே நான் வந்து நின்னது எல்லாம் இதக் கேட்டுத்தான்."

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்குக் கேட்டுச்சு. இதுன்னு நினைச்சுட்டேன்."

சந்தில் காற்று வந்து வலை ஒரு முறை உப்பி அடங்கியது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

இளையவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "மாட்டேன்." பிறகு தொப்பியைக் கழற்றி உதறினாள். மாவு பறந்தது. "தட்டட்டும், நல்லாத் தட்டட்டும், கை வலிக்கத் தட்டட்டும், போகவே மாட்டேன்னு படுத்திருப்பேன். அதக் கேட்டாதான் தூக்கமே வரும். இத்தன நாளா ஒரு பறவகிட்டயா வீம்பு புடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்?"

"நான் மட்டும் என்னவாம். அது கொத்தும்போதெல்லாம் செருப்ப மாட்டிக்கிட்டு கதவு வரைக்கும் போவேன்."

"அதுதான் பறவைன்னு தெரியுமே உனக்கு."

"நீயா இருந்துட்டா?"

இளையவள் பின்கதவுக்குத் திரும்பினாள். உள்ளே வந்ததும் மூத்தவள் அவசர அவசரமாகப் பல் டாக்டர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள். வீட்டில் உட்காரும்படி இருந்தது அது ஒன்றுதான். தங்கை உட்காரவில்லை. வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"இனிமே அது வராதா?"

"வராது. வந்தாலும் எட்டாது."

"நிச்சயமா?"

"நான் தைச்சது."

"அந்த ஓரம் தொங்குதே."

"உன் பக்கம் ஆணி அடிக்கக் கூடாதுன்னியே."

இளையவள் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டாள். கடையைத் தாண்டும்போது அவள் முகத்தைப் படிக்கலாம் என்று காத்திருந்த கடைக்காரருக்கு ஏமாற்றம். மாவு பூசிய முகத்தில் என்ன படிப்பது? மறுநாளும் பிஸ்கட் பொட்டலம் கடைக்குத்தான் வந்தது. சமாதானம் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

குஷன்காரிக்குக் காலைகள் மறுபடி சும்மா இருந்தன. அவள் செருப்பை மட்டும் இப்போது கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில்லை; கால் வைத்தால் நுழைகிற மாதிரி வெளியே போட்டிருந்தாள்.

மழை ஒரு காலையில் பிடித்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசினாலே கேட்காது. டாக்டர் நாற்காலிக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். தடுப்பில் சத்தம். ஊசி நின்றது. மழையாக இருக்குமோ, வலையிலிருந்து கல் கழன்று சுவரில் இடிக்குமோ என்று அவள் யோசிக்கவே இல்லை. மூன்று. நூலைத் துப்பிவிட்டு எழுந்தாள். ஒரு காலுக்குச் செருப்பு கிடைத்தது. மற்றது எங்கே போயிற்று என்று பார்க்க நிற்கவில்லை. குடையும் எடுக்கவில்லை. கடைக்காரர் சாரலுக்குப் பயந்து பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தபோது, ஒற்றைச் செருப்போடு ஒரு கால் சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது.

பின்தெரு வாசல் திறந்தே இருந்தது. அம்மா அறையில் கூரை ஓர் இடத்தில் ஒழுகி, தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. இளையவள் தலைமாட்டில் நின்றிருந்தாள். அக்கா வந்து நின்றதையோ, தரையெல்லாம் ஈரமாவதையோ அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"அந்தப் பக்கம் புடி" என்றாள்.

மூத்தவள் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அடியிலிருந்த உருளைகள் கண்ணில் பட்டன. நாலும் நன்றாகவே இருந்தன. மேலே ஆளும் இல்லை. ஒருத்தி ஒரு கையால் தள்ளினால் கட்டில் அறையின் அந்தக் கோடிக்குப் போய் நிற்கும்.

அவள் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"ம்" என்றாள் தங்கை.